நான்கு பிளக்குகள், இரண்டு கைகள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்து முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கைலாசமாகிய நான். என் தம்பி மகன் கௌசிக். தூணில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்த எங்கள் டிரைவர் சண்முகவேல். நாமக்கல்லிலிருந்து நான் வரவழைத்த துப்பறிவாளர் சாரதாமணி. அவருடைய உதவியாளர் குமரன். முந்தின நாள் மண்டை பிளந்து செத்துக் கிடந்த மெக்கானிக் சவரியாரின் மனைவி இன்பமேரி. ஆறு பேர். தறி ஆட்களுக்கு விடுமுறை கொடுத்து அனுப்பிவிட்டு, கேட்டை நானே பூட்டினேன். அன்று தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் பொய் சொல்கிறார்கள்.

கொலை நடந்தது திங்கட்கிழமை பகலில். ராசிபுரம் போகும் ரோட்டில் சவரியாரின் ஷெட் இருக்கிறது. எங்கள் பிக்கப் வண்டி அன்று காலை அங்கே போயிருந்தது. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்காரர் ஒருவரிடம் நான் வாங்கிய பழைய வண்டி அது. பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, துண்டு மூட்டை ஏற்றினால் மேட்டில் இழுக்காமல் குலுங்க ஆரம்பித்தது. ஸ்பார்க் பிளக் தேய்ந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்று சண்முகவேல் சொன்னான். எங்கள் பக்கம் முழுக்க லாரியும் போர் போடும் ரிக் வண்டியும்தான். டீசல் இன்ஜின் பார்க்கத் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. பிளக் போட்ட இன்ஜினுக்குச் சவரியார் ஒருவர்தான். சண்முகவேல் என்னைக் கேட்காமல் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தான்.

என்னைக் கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன்புதான் என் ஒரே மகள் நர்மதா, சவரியாரின் மகன் ஜூடை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போயிருந்தாள்.

அதனால் சவரியார் செத்ததும் டீக்கடை எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் பேசியது. கௌசிக் சொன்னதோ வேறு. "ஒரு மணிக்குச் சண்முகவேல் வண்டியை ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினான். சட்டையில் ரத்தம். சாவியை வீசிவிட்டு ஓடினான்." மறுநாள் காலை நாமகிரிப்பேட்டையில் அக்கா வீட்டில் இருந்தவனைக் கௌசிக்கே இழுத்து வந்து தூணில் கட்டினான். மாலை போலீசிடம் ஒப்படைப்பது என்று நான் முடிவு செய்தேன். அதற்கு முன் வெளியாள் ஒருவர் விசாரித்து, எங்கள் குடும்பத்துக்கும் இந்தக் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். சாரதாமணியை அழைத்தது அதற்குத்தான்.

சாரதாமணிக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய லாரிகளைச் சோதித்தவர். கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் இருந்தது. வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார்.

"ஏனுங்க, இவர எப்பக் கட்டுனீங்க?"

"காலையில."

"தண்ணி குடுத்தீங்களா?"

கௌசிக் தறி பெல்ட்டை முழங்கையில் சுற்றிக்கொண்டு சிரித்தான். "உண்மையைச் சொன்னாக் குடுக்கலாமுன்னு இருந்தனுங்க." சொல்லிவிட்டு விளாசினான். பெல்ட் சண்முகவேலின் வாயில் விழுந்தது. உதட்டோடு ஒரு பல்லும் போயிற்று. அதை அவன் தரையில் துப்பினான்.

"அடிச்சா உண்மை வருமுங்களா?" என்றான் குமரன். முப்பது வயது, ஒல்லி, வாய் மட்டும் நீளம். "எங்கப்பா இப்படித்தான் என்னைக் கட்டி வெச்சு அடிச்சாரு. பத்தாவது பாஸுன்னு சொல்லிட்டேன். மார்க் ஷீட் வந்தப்பறம் மறுபடியும் அடிச்சாரு."

"குமரா, தண்ணி" என்றார் சாரதாமணி.

என் முற்றத்தில் என்னைக் கேட்காமல் யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. குமரன் கொடுத்தான். இன்பமேரி போய்ச் சண்முகவேலின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தார். அவரை நான் அழைக்கவில்லை, சாரதாமணி கூட்டி வந்திருந்தார்.

"சொல்லு சாமி" என்றார் இன்பமேரி. "எங்க ஊட்டுக்காரர நீ கடைசியா எப்பப் பாத்த?"

"பதினோரு மணிக்குங்கக்கா." ரத்தத்தோடு வார்த்தைகள் வழுக்கின. "வண்டிய உட்டனுங்க. இன்ஜின் கொதிக்குது, சூட்டோட பிளக்கைக் கழட்டுனா மரை உரிஞ்சு வந்துரும், ஒரு மணி நேரம் ஆறட்டும்னாரு. நீ போயிட்டு வா, நான் மாட்டி வெக்கறேன்னாரு. நான் பஸ்ஸேறி அக்கா ஊட்டுக்குப் போயிட்டனுங்க. வண்டிய நான் திருப்பி எடுக்கவே இல்லீங்க."

"பொய்!" கௌசிக் மறுபடி பெல்ட்டை ஓங்கினான். சாரதாமணி குறுக்கே போய் நின்றார். பெல்ட் அவர் தலைக்கு மேல் நின்றது.

"இருங்க தம்பி. எல்லாருமே அடிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்பச் சம்பாதிக்கறது?"

கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு பழைய பிளக்குகள். நுனி தேய்ந்து உருண்டு, தீப்பொறி குதிக்கும் இடைவெளி நகம் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. ஒன்றில் சாக்பீஸால் 1 என்றும் மற்றதில் 2 என்றும் எழுதியிருந்தது.

"இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிட்டு ஷெட்டுல இருந்து எடுத்துட்டு வந்தனுங்க. பெஞ்சு மேல வரிசையா வெச்சிருந்துச்சு."

"அவரு அப்படித்தானுங்க" என்றார் இன்பமேரி. "கழட்டுன பிளக்குல நம்பர் போடாமக் கீழ வெக்க மாட்டாரு. ஒண்ணுல கரி, ஒண்ணுல எண்ணெய், ஒண்ணுல சாம்பல் இருக்கும். அதை வெச்சு எந்த சிலிண்டருக்கு என்ன சீக்குன்னு சொல்லுவாரு."

"வண்டியில நாலு சிலிண்டர். மூணும் நாலும் எங்கீங்க?"

குமரன் வண்டிக்குள் ஏறித் தலைகீழாகத் தொங்கித் தேடினான். ரப்பர் மேட்டுக்கு அடியிலிருந்து இரண்டு பழைய பிளக்குகளை எடுத்து நீட்டினான். "ரெண்டு பேரும் இங்க படுத்திருக்காங்கக்கா. நம்பர் பிளேட் இல்லாத ஆளுங்க."

எனக்கு அப்போதே புரிந்தது. சவரியார் இரண்டு பிளக்கை மாற்றியிருக்கிறார். அதற்குள் அவர் மண்டையில் அடி விழுந்திருக்கிறது. மீதி இரண்டை மாட்டி வண்டியைக் கிளப்பியவன் வேறு ஒருவன். கொன்றவன் அவன்தான்.

"இவன்தான்!" கௌசிக் பாய்ந்து சண்முகவேலின் வயிற்றில் உதைத்தான். கயிறு இறுகியதில் அவனால் மடங்கக்கூட முடியவில்லை. வாந்தி எடுத்தான். "டிரைவருக்குப் பிளக் மாட்டத் தெரியாதா? கொன்னு போட்டு, மாட்டி, ஓட்டிட்டு வந்திருக்கான்!"

"இருக்கலாமுங்க" என்றார் சாரதாமணி அமைதியாக. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். "குமரா, ஒரு அஞ்சு செகண்டு ஸ்டார்ட் பண்ணு."

வண்டி உறுமியது. உறுமலுக்கு அடியில் சீறல் ஒன்று, மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்தது. இன்பமேரி நிமிர்ந்தார்.

"இது எங்க ஊட்டுக்காரர் வேலை இல்லீங்க. ஒரு பிளக்கு கோணலா ஏறியிருக்குது."

அந்த வண்டிக்கு இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். குமரன் சீட்டைத் தூக்கினான். சாரதாமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் ஸ்பேனரால் முதல் பிளக்கைத் தொட்டார். சத்தமில்லாமல் கழன்றது. இரண்டாவதும் அப்படியே. புதுசு, துப்புரவு. மூன்றாவது கிறீச்சிட்டது. குமரன் ஸ்பேனரில் தொங்க வேண்டியிருந்தது.

"அக்கா, இதை மாட்டுனவனுக்குப் பிளக்கு மேல ஏதோ தனிப்பட்ட கோவம்."

இன்பமேரி தன் பையிலிருந்து விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். "அவரு இதைப் பிளக்கு தலையில சொருகி விரலாலயே திருகுவாருங்க. மரை சரியாப் புடிக்கலைன்னா குழாய் வழுக்கிரும், அப்பவே தெரிஞ்சுரும். ஸ்பேனரு கடைசிக் கால் சுத்துக்குத்தான். மாட்டுனவன் எடுத்ததுமே ஸ்பேனரப் போட்டு முறுக்கியிருக்கான்."

மூன்றாவது பிளக் வெளியே வந்தது. குமரன் ஒரு கையில் போனோடு, அதை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்து சாரதாமணியிடம் கொடுத்தான். அவர் என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் புடிங்க ஐயா. நாலாவதைக் கழட்டிட்டு வாரேன்."

வாங்கினேன். வெள்ளைப் பீங்கானில், இரும்புக்குச் சற்று மேலே, மூன்று மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருந்தன. குங்குமம் இல்லை.

எங்கள் குலசாமிக்குக் குங்குமம் ஆகாது. எங்கள் வீட்டில் புது இரும்பு எதுவும் பொட்டு இல்லாமல் வேலைக்குப் போகாது. தறிக்கு வாங்கும் மோட்டார், கதவுக்குப் போடும் தாழ்ப்பாள், எதுவானாலும் மஞ்சள் மட்டும் குழைத்து மூன்று பொட்டு. வேறு எந்த வீட்டிலும் இந்த வழக்கம் கிடையாது. எங்கள் வீட்டு ஆண்கள்தான் வைக்கலாம். வண்டியின் டேஷ்போர்டில் மஞ்சள் டப்பா எப்போதும் இருக்கும். அதைச் சண்முகவேல் தொட்டதில்லை, தொட விட்டதுமில்லை. என் தம்பி இறந்துவிட்டான். எனக்கு மகன் இல்லை. திங்கட்கிழமை முழுவதும் நான் செவ்வாய்ப்பேட்டையில் நூல் மண்டியில் இருந்தேன்.

மிச்சம் ஒரே ஒரு ஆண். எங்கள் பேரைச் சொல்ல மிஞ்சியிருப்பவனும் அவன் ஒருவன்தான்.

நான் பெருவிரலால் அந்தப் பொட்டுகளைத் துடைத்தேன். விரல் வியர்த்திருந்தது. பீங்கான் வழவழப்பானது. மூன்றே இழுப்பில் வெள்ளையாகிவிட்டது. தூணில் சண்முகவேல் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கில் போட்டாலும் எங்கள் வீட்டுப் பேர் நிற்கும் என்று அந்த நொடியில் நான் நினைத்தேன். நினைத்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

சாரதாமணி நாலாவது பிளக்கில் ஸ்பேனரை மாட்டிவிட்டுத் திருகாமல் நின்றார்.

"ஐயா, பெருவிரலைக் காட்டுங்க."

"என்ன?"

"உங்க பெருவிரலுங்க."

எழுபத்தொரு வயதில் என் முற்றத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. கையை மறைப்பது அதைவிடக் கேவலம். காட்டினேன். மஞ்சளாக இருந்தது.

"வெளிய எடுத்தவொடனே குமரன் போட்டோ புடிச்சுட்டானுங்க" என்றார் அவர். "மூணு மஞ்சப் பொட்டு. அது யாரு வெக்கற பொட்டுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க. டிரைவர் வெச்சதா இருந்திருந்தா, நீங்க அதை ஊருக்கே தூக்கிக் காட்டியிருப்பீங்க. தொடச்சீங்க பாருங்க. அப்பத்தான் தெரிஞ்சுது."

"பெரியவரே, வாயத் தொறக்காமயே சாட்சி சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க" என்றான் குமரன்.

இன்பமேரி என் எதிரில் வந்து நின்றார். மூன்று வாரமாக அவர் வீட்டில் யாரும் என்னை எப்படி அழைக்கக் கூடாது என்று நான் சொல்லியனுப்பியிருந்தேனோ, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சம்பந்தி. சொல்லுங்க. அது யாரு பொட்டு?"

நாலாவது பிளக் இன்னும் இன்ஜினில் இருந்தது. அதிலும் மூன்று பொட்டு இருக்கும். ஆனால் நான் பேசியது அதனால் அல்ல. அந்த அம்மாள் கண்ணீர் இல்லாமல் கேட்டார். அப்படிக் கேட்கிற ஒருவரிடம் எங்கள் வீட்டில் யாரும் பொய் சொன்னதில்லை.

"எங்க ஊட்டுப் பொட்டு" என்றேன்.

"பெரியப்பா!"

"ஏன்டா பொட்டு வெச்ச?"

கௌசிக்கின் முகம் வெளுத்தது. அவன் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான். "புது இரும்பாச்சுங்களே பெரியப்பா... கை தானாப் போயிருச்சு."

ஒரு மனிதனின் மண்டையைப் பிளந்துவிட்டு, அதே கையால் மஞ்சள் குழைத்திருக்கிறான்.

"வண்டியத் திருப்பிக் கொண்டாரத்தான் போனேன்" என்று கத்தினான். "அந்தாளு பிளக்கு மாட்டிக்கிட்டே சிரிக்கறான். 'சம்பந்தி சவுக்கியமா'ங்கறான். நர்மதா போன அன்னியிலிருந்து நீங்க தெருவுல தலை நிமிந்து நடக்கல. அவன் சிரிக்கறான்! வீல் ஸ்பேனர் கையில இருந்துச்சு. ரெண்டு போடு போட்டேன். நம்ம வண்டி அங்க நின்னா நம்ம பேரு கெட்டுரும்னு மிச்சத்த மாட்டி எடுத்துட்டு வந்தேன். யாருக்காகச் செஞ்சேன் பெரியப்பா? உங்க மானத்துக்குத்தான செஞ்சேன்!"

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கௌசிக் சாரதாமணியின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கினான். அவர் தலையைக் குறிவைத்து வீசினான். குமரன் குறுக்கே கையை நீட்டினான். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. குமரன் மண்டியிட்டான்.

"அக்கா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த மாசம் ரிப்போர்ட்டை நீங்களே டைப் பண்ணிருங்க."

கௌசிக் அடுத்து இன்பமேரியிடம் பாய்ந்தான். கழுத்தில் இருந்த ஜெபமாலையைப் பிடித்து முறுக்கினான். மணிகள் அறுந்து முற்றமெங்கும் சிதறின. அவர் மூச்சுத் திணறிக்கொண்டே அவன் மணிக்கட்டைக் கடித்தார், ரத்தம் வரும் வரை விடவில்லை. கட்டப்பட்டிருந்த சண்முகவேல் இரண்டு காலையும் சேர்த்து உதைத்தான். உதை கௌசிக்கின் இடுப்பில் பட்டது. பிடி தளர்ந்தது. சாரதாமணி வண்டிப் படியில் நின்று, கஞ்சி போட்ட சேலை கலையாமல், கனத்த கைப்பையை அவன் காதோடு வைத்து அடித்தார். அவன் தள்ளாடி நிமிர்ந்து நான்கு பக்கமும் பார்த்தான். பிறகு கேட்டை நோக்கி ஓடி வந்தான்.

கேட்டுக்கு முன்னால் நான் நின்றேன்.

"வழி உடுங்க பெரியப்பா."

"எங்க போற?"

"உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்பறம் நம்ம ஊட்டுல ஆரு இருக்கா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பிறகு குலசாமிக்குப் பொங்கல் வைக்க ஆள் இல்லை. அதை அவன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாரதாமணி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி இன்ஸ்பெக்டர் நாலரைக்கு வந்தார். நானே கேட்டைத் திறந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு மனிதனைக் காலையிலிருந்து கட்டி வைத்ததையும், தடயத்தைத் துடைத்ததையும் என் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

சண்முகவேலின் கட்டை நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு ரத்தத்தில் ஊறி இறுகிப்போயிருந்ததால் கத்தி தேவைப்பட்டது. "தப்பு என்னோடது" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. விழுந்த பல்லைத் தரையில் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குமரனோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினான்.

இன்பமேரி குனிந்து ஜெபமாலை மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கமுங்க. நர்மதா வாரா. நீங்க வராதீங்க."

நான் போகவில்லை.

கௌசிக் தப்பி ஓடும்போது கேட்டில் ஏறிக் குதித்து, கீழே விழுந்து வலது முழங்கால் நொறுங்கியதாக ஆட்டையாம்பட்டியில் சொல்கிறார்கள். அது தவறு. அவன் கேட்டில் ஏறவில்லை. வண்டியின் ஜாக்கி லீவர் என் கையில் இருந்தது. முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். இரண்டாவது அடியும் நான் அடித்ததுதான்.